மிதித்தால் பிடிக்கவில்லை, சக்கரம் சுடுகிறது, காற்று இறங்குகிறது: லாரிப் பழுதை அறிகுறியிலிருந்து தேடும் முறை

இரவு பதினொன்றரை மணிக்கு டிரைவர் போன் செய்தார். ஓசூரில் லோடு ஏற்றிச் சேலம் வந்துகொண்டிருந்த பத்துச் சக்கர லாரி. தர்மபுரி தாண்டி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியிருந்தார். "அண்ணா, ஏர் எட்டுல நிக்குதுங்ணா. மிதிச்சா புடிக்க மாட்டேங்குது. முன்னாடி தொப்பூர் இருக்குது, நான் எறக்க மாட்டனுங்ணா."

லாரி பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. மீட்டரில் எட்டு பார் காற்று நிற்கிறது, ஆனாலும் பிரேக் பிடிக்கவில்லை என்கிறார். எறக்க வேண்டாம் என்று நானும் சொன்னேன். தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போன வண்டிகள் மேல் ஏறிய இடம் அது. லோடு ஒரு நாள் தாமதமாகச் சேர்ந்தது. பார்ட்டியிடம் பேச்சு வாங்கினோம், பரவாயில்லை.

காலையில் சாக்பீஸும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். அங்கே கண்டதை இந்தக் கட்டுரையின் கடைசியில், எங்கள் நோட்டில் எழுதியபடியே தருகிறேன். அதற்கு முன், இப்படி ஒரு போன் வந்தால் எதை முதலில் பார்ப்பது, எதை எதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். நாமக்கல்லில் டேங்கர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், சங்ககிரியில் லாரி என்று ஊருக்கு ஊர் இந்தத் தொழில் நிறைந்த பகுதி இது. ஆனால் ஒரு வண்டியில் கண்ட பழுது அந்தப் பட்டறையோடு நின்றுவிடுகிறது. அடுத்த தெருவில் இருப்பவர் அதே பழுதுக்கு அதே விலையை மறுபடியும் கொடுக்கிறார். சில நேரம் அந்த விலை ஓர் உயிர்.

மூன்று வரி எழுதாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்

டிரைவர் சொன்னது. நாம் கண்டது. நாம் செய்தது. ஒவ்வொரு பழுதுக்கும் இந்த மூன்று வரி. டிரைவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். "பிரேக் கம்ப்ளைன்ட்" என்று எழுதினால் பாதித் தகவல் போய்விடும். "இறக்கத்தில் இரண்டாவது முறை மிதிக்கும்போது இடது பக்கம் இழுத்தது" என்று எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அமெரிக்க டிரக்கிங் சங்கத்தில் தொழில்நுட்பப் பராமரிப்பு மன்றம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. சந்தையில் ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் கம்பெனிகளின் பராமரிப்பு ஆட்கள் அங்கே ஒன்றாக உட்கார்ந்து, நட் இறுக்குவதிலிருந்து வயரிங் வரை பரிந்துரை முறைகளை எழுதி வைக்கிறார்கள். 1970இல் அந்தச் சங்கம் பழுதுகளுக்குப் பொது எண்களே கொண்டுவந்தது. பிரேக் என்றால் 013, டயர் என்றால் 017. எந்த ஊர்ப் பட்டறையில் எழுதினாலும் அதே எண். நமக்கு எண் வேண்டாம், நோட்டு போதும். நாங்கள் சில உரிமையாளர்கள் சேர்ந்து, ஒருவர் வண்டியில் கண்டதை மற்றவர்களுக்கு அன்று மாலையே போட்டோவோடு அனுப்பிவிடுகிறோம். கிடைத்தவர் தன் வண்டியில் அதே இடத்தைப் பார்த்துவிட்டுப் பதில் போட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.

கை வைப்பதற்கு முன்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை போடுங்கள். கல் போடாதீர்கள், கல் உருளும்.

சேம்பர் என்பது காற்றழுத்தத்தில் பிரேக்கை இயக்கும் உருளை. ஹேண்ட் பிரேக் சேம்பருக்குள், காற்று இல்லாதபோது பிரேக்கைப் பிடித்து வைக்கும் பெரிய ஸ்பிரிங் எப்போதும் அழுந்திய நிலையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிளாம்பைக் கழற்றினால் மூடி குண்டு மாதிரி பறக்கும். அதற்கென்று இருக்கும் நீளப் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கைக் கட்டிய பிறகுதான் சேம்பரையே இறக்க வேண்டும். ஸ்பிரிங் பக்கத்தைப் பட்டறையில் பிரிக்கவே கூடாது, முழுதாக மாற்றுங்கள்.

ஜோடிச் சக்கரத்தைக் கழற்றும் முன் இரண்டு டயரிலும் காற்றை முழுதாக இறக்குங்கள், ஒன்றில் மட்டும் இறக்கினால் போதாது. ரிம் விரிசல் விட்டிருந்தால், நட் கழன்ற நொடியில் உள் டயரின் காற்று எல்லாவற்றையும் ஆள் மேல் தள்ளும். டிப்பர் என்றால், தூக்கிய பெட்டிக்குக் கீழே முட்டு கொடுக்காமல் தலையை நுழைக்காதீர்கள். ஹைட்ராலிக்கை நம்பி உள்ளே போனவர்களை இழந்த பட்டறைகள் இருக்கின்றன.

அறிகுறி: காற்று இருக்கிறது, மிதித்தால் பிடிக்கவில்லை

டேங்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைத்தான் மீட்டர் சொல்லும். அந்தக் காற்று லைனரை, அதாவது பிரேக் ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையை, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மோடு அழுத்துகிறதா என்பது மீட்டருக்குத் தெரியாது. நடுவில் ஒரு சங்கிலியே இருக்கிறது. சேம்பருக்குள் ரப்பர் டயாஃப்ரம், அது தள்ளும் ராடு, ராடு திருப்பும் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோல், அது சுழற்றும் எஸ் எழுத்து வடிவக் கேம், கேம் விரிக்கும் ஷூ. இதில் ராடு ஓடக்கூடிய தூரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. லைனர் தேயத் தேய ராடு அதிகம் ஓட வேண்டியிருக்கும். ஓட்டம் தீர்ந்துவிட்டால் எட்டு பார் இருந்தாலும் ஷூவுக்கு அழுத்தம் போகாது.

இதோடு சூடும் சேர்கிறது. டிரம் சூடானால் விரிந்து லைனரை விட்டு விலகும். அந்த விலகலையும் ராடுதான் ஓடி ஈடு செய்ய வேண்டும். சமதளத்தில் ஒப்பேறிய பிரேக் இறக்கத்தில் கைவிடுவது இதனால்தான். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுச் சோதனை மைதானத்தில் பாஸான வண்டி மலையில் நிற்காமல் போவதற்கும் இதே காரணம்.

ஆகவே முதல் வேலை ராடின் ஓட்டத்தை அளப்பது. கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, என்ஜினை நிறுத்துங்கள். டேங்கில் 6.2 முதல் 6.9 பாருக்குள் காற்று இருக்கட்டும். சேம்பரிலிருந்து ராடு வெளியே வரும் இடத்தில், சேம்பர் முகத்தை ஒட்டி ராடின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடிக்க, அந்தக் கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளவுகோலால் பாருங்கள். சேம்பரின் அளவு அதன் மேலேயே அச்சாகியிருக்கும். சாதாரண 24 எண் சேம்பருக்கு 44 மில்லிமீட்டர் வரம்பு. 30 எண்ணுக்கு 51. நீள ஓட்டச் சேம்பர் என்றால் வரம்பு கூடும், 30 எண்ணில் 64. ஆகவே முதலில் அச்சைப் படியுங்கள், கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். ஒரே அச்சில் இடமும் வலமும் வேறு வேறு அளவுச் சேம்பர் மாட்டியிருந்தால் அதுவே ஒரு பழுது.

வட அமெரிக்காவில் சாலையோரச் சோதனையில் இதையேதான் அளக்கிறார்கள். மொத்தப் பிரேக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு கெட்டிருந்தால் வண்டி அங்கிருந்து நகரக் கூடாது. பத்துச் சக்கர லாரிக்கு ஆறு பிரேக். இரண்டு வரம்பு மீறினால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். நம்மூரில் யாரும் அப்படி நிறுத்துவதில்லை என்பதால் அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அளவு மீறியிருந்தால் அடுத்து என்ன என்பதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். கையால் வைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்றால் டைட் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், முடிந்தது. தானாகச் சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்றால் ஸ்பேனர் போட்டுத் திருப்பாதீர்கள். தானாகச் சரியாக வேண்டியது ஏன் சரியாகவில்லை என்பதுதான் கேள்வி. ராடையும் அட்ஜஸ்டரையும் இணைக்கும் கிளெவிஸ் பின் தேய்ந்து ஓட்டை முட்டை வடிவம் ஆகியிருக்கலாம். கேம் புஷ் ஆடலாம். டிரம் அளவு மீறித் தேய்ந்திருக்கலாம். சேம்பர் மாட்டும் பிராக்கெட் விரிசல் விட்டிருக்கலாம். அட்ஜஸ்டரே செத்திருக்கலாம். இதில் எதையும் பார்க்காமல் கையால் டைட் வைத்தால் இரண்டு நாளைக்கு நன்றாகப் பிடிக்கும், பிறகு பழைய கதை. அட்ஜஸ்டரின் உள் பாகமும் அதற்குள் கெட்டுவிடும். 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிளென் ராக் என்ற ஊரில் ஒரு டிப்பர் இறக்கத்தில் நிற்காமல் கார்கள் மேல் மோதியது. அந்த நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, தானியங்கி அட்ஜஸ்டரைப் பற்றிய அறியாமையும் அதைக் கையால் சரிசெய்து வந்த பழக்கமும் வெளிப்பட்டன.

அளவு சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் டிரம்மைக் கழற்றுங்கள். லைனர் கண்ணாடி போல மின்னினால் அது வெந்திருக்கிறது. கருத்து, பிசுபிசுப்பாக இருந்தால் சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பின் சீல் ஒழுகி எண்ணெயோ கிரீஸோ ஏறியிருக்கிறது. எண்ணெய் ஏறிய லைனரைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவி மாட்டும் வழக்கம் உண்டு. செய்யாதீர்கள். உள்ளே ஊறியது சூட்டில் மறுபடி வெளியே வரும்.

டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். ஏறின கியருக்கு ஒரு கியர் குறைவாகப் போட்டு, புகை போகும் வழியை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு இறங்குங்கள். வேகம் நீங்கள் வைத்த அளவுக்கு வந்ததும் அழுத்தி மிதித்து, மூன்று நொடியில் எட்டு கிலோமீட்டர் வேகம் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி ஏறினால் மறுபடி அதே மாதிரி. அமெரிக்க ஓட்டுநர் உரிமக் கையேட்டில் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய மின்னணு என்ஜின்களில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் டீசல் தெளிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில் ஓடும் என்ஜினுக்குத்தான் டீசல் செலவு.

அறிகுறி: காற்று இறங்குகிறது, அல்லது ஏற நேரமாகிறது

காலையில் வந்து பார்த்தால் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறது என்பார்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கொஞ்சம் இறங்குவது இயல்பு. எது இயல்பு, எது பழுது என்பதற்கு ஓர் அளவு வேண்டும். நாங்கள் அமெரிக்க ஓட்டுநர் தேர்வில் உள்ள அளவையே வைத்திருக்கிறோம். காற்று முழுதாக ஏறியதும் என்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். ஒற்றை வண்டியில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல், டிரெய்லர் சேர்ந்த வண்டியில் 3க்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்து இன்னொரு நிமிடம். இப்போது 3, டிரெய்லரோடு 4. மீட்டரில் கோடு பெரிதாக இருப்பதால் இதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. என்பதை நினைவில் வையுங்கள்.

எப்போது கசிகிறது என்பதிலேயே எங்கே கசிகிறது என்பது இருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் கசிந்தால் கால் பிரேக் பக்கத்து டயாஃப்ரம், அல்லது அந்த வழியில் போகும் ஹோஸ். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் கசிந்து, போட்டால் நின்றுவிட்டால் ஸ்பிரிங் பக்கம்.

இதில் ஏமாற்றும் பழுது ஒன்று உண்டு. பின் சக்கரச் சேம்பர்களுக்குக் காற்றை அனுப்பும் ரிலே வால்வின் வெளியேற்று வாயில் புஸ் என்று சத்தம் வரும். வால்வுதான் போய்விட்டது என்று புது வால்வு வாங்கி மாட்டுவார்கள். சத்தம் நிற்காது. பல நேரம் பழுது வால்விலேயே இருக்காது. பின் சக்கரச் சேம்பரில் ஸ்பிரிங் பக்கத்துக்கும் கால் பிரேக் பக்கத்துக்கும் நடுவில் உள்ள சிறு ரப்பர் வளையம் தேய்ந்து, ஸ்பிரிங் பக்கத்துக் காற்று இந்தப் பக்கம் நுழைந்து, குழாய் வழியே திரும்பி வந்து வால்வு வாயில் வெளியேறும். சோதிப்பது எளிது. சத்தம் வரும்போது ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். சத்தம் நின்றால் பழுது சேம்பரில். ஒவ்வொரு சேம்பராகக் கால் பிரேக் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் எந்தச் சேம்பர் என்று தெரியும், ஹோஸ் வாயில் காற்று வரும். இதை நாங்கள் இரண்டு வால்வு வாங்கிய பிறகுதான் கற்றோம்.

காற்று ஏற நேரமானால் 85 பி.எஸ்.ஐ.யிலிருந்து 100க்கு ஏற எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 45 நொடிக்குள் ஏற வேண்டும். அதற்கு மேல் போனால், கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கம்பிரஸரையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

டேங்கின் அடி வால்வைத் தினமும் ஒரு முறை இழுத்துவிடுங்கள். வெளியே வருவதைக் கையில் பிடித்துப் பாருங்கள். வெறும் காற்று வந்தால் சரி. தண்ணீர் வந்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் கேட்ரிட்ஜ் காலம் முடிந்துவிட்டது. பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று வந்தால் கம்பிரஸர் எண்ணெய் தள்ளுகிறது. அந்தக் குழம்புதான் வால்வு ரப்பர்களை ஒவ்வொன்றாகத் தின்னும். கேட்ரிட்ஜின் விலையைச் சொல்லி மாற்றத் தயங்குகிறவர்களுக்கு நான் அந்தக் குழம்பைத்தான் காட்டுவேன்.

அறிகுறி: ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

லாரி ஓடி வந்து நின்ற ஐந்து நிமிடத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். ஹப்பைத் தொடாதீர்கள், தோல் உரிந்துவிடும். புறங்கையை இரண்டு விரற்கடை தள்ளி வைத்து ஒவ்வொரு சக்கரமாக நடந்து வாருங்கள். தூரத்திலிருந்து சூடு காட்டும் துப்பாக்கி மாதிரி கருவி இருந்தால் இன்னும் நல்லது. எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே இடத்தில் குறிபார்த்து, எண்களை எழுதுங்கள். ஒரே அச்சின் இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

சுடும் சக்கரத்தை எல்லோரும் கவனிப்பார்கள். ஆறிய சக்கரத்தைக் கவனியுங்கள் என்பேன். மற்றதெல்லாம் வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அந்தப் பிரேக் வேலையே செய்யவில்லை. அதன் பங்கையும் சேர்த்து மற்றவை சுமக்கின்றன. மேலே சொன்ன ராடு அளவை அங்கே எடுங்கள்.

சுடும் சக்கரத்தில் டிரம் சுடுகிறதா, ஹப் நடு சுடுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். டிரம் சுட்டால் பிரேக் விடவில்லை. ஷூ திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருக்கும், அல்லது கேம் புஷ் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கும், அல்லது காற்று குறைந்து ஸ்பிரிங் பிரேக் அரைகுறையாகப் பிடித்தபடி ஓடியிருக்கும். ஹப் நடு சுட்டால் பேரிங். ஜாக்கி கொடுத்துத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு கையால் சுழற்றி, மறு கையை ஸ்பிரிங் பட்டையில் வையுங்கள். காதுக்கு எட்டாத கரகரப்பு கைக்கு எட்டும். பேரிங் மாற்றும்போது சீலும் மாற்ற வேண்டும். பழைய சீலை மறுபடி அடித்து ஏற்றினால் அது அடுத்த லைனரை எண்ணெயில் குளிப்பாட்டும்.

அறிகுறி: நட்டைச் சுற்றித் துருக் கோடு

என் கண்ணுக்கு இதுவரை தப்பியது எங்கள் கிளீனர் பையன் கண்ணுக்குத் தப்பவில்லை. மழையில் ஓடி வந்த வண்டியின் இடது பின் சக்கரத்தில், மூன்று நட்டிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய கோடு ரிம்மின் வெளிப்பக்கம் நோக்கி ஓடியிருந்தது. "அண்ணா, இது மட்டும் அழுவுதுங்ணா" என்றான். நட் தளர்ந்தால் ரிம்மும் ஹப்பும் நுண்ணிய அளவில் உரசும், உரசிய தூள் துருவாக வடியும். போல்ட் ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து வெள்ளையாக மின்னினாலும் இதே பொருள். அன்று ஸ்பேனர் வைத்தபோது இரண்டு நட் கையாலேயே திரும்பியது.

தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் மாட்டிய விதம். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் புதுப் பெயின்ட் தடிமனாக இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட் தளரும். துருவும் மண்ணும் அப்படியே. ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்கினால் ஒன்று குறைவாகவும் ஒன்று அதிகமாகவும் இருக்கும். அதிகமாக இறுகிய ஸ்டட், அதாவது நட் ஏறும் போல்ட், இழுபட்டு, பிறகு உடையும். எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று சுற்றில், கடைசிச் சுற்று இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால், வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை. இந்த இரண்டாவது இறுக்கத்தைத்தான் பஞ்சர் கடையில் யாரும் சொல்வதில்லை. ராத்திரி பஞ்சர் போட்ட வண்டி அடுத்த டீக்கடையில் நின்றதும் டிரைவரே செய்ய வேண்டும். ஒரு ஸ்டட் உடைந்திருந்தால் அதோடு இரு பக்கத்து ஸ்டட்டையும் மாற்றுங்கள், அவை கூடுதல் சுமை வாங்கியவை. இரண்டு உடைந்திருந்தால் அந்தச் சக்கரத்தில் எல்லாமே புதிது.

அறிகுறி: டயர் ஒரே மாதிரி தேயவில்லை

இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடு தேய்ந்தால் அதிகம். உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, மறு திசையில் தடவினால் ரம்பம் போல் கீறினால் முன் அச்சின் டோ அளவு, அதாவது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு, தவறு. திட்டுத்திட்டாகக் குழி விழுந்தால் ஷாக் அப்சார்பர், பேரிங், முன் சக்கரம் திரும்பும் கிங்பின் என்று வரிசையாகப் பாருங்கள். முன் சக்கரத்தில் ரீட்ரேட், அதாவது மேல்பட்டை புதிதாக ஒட்டிய பழைய டயர், போட வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

காற்றைச் சூடான டயரில் அளக்காதீர்கள். சூட்டில் ஏறிய அழுத்தத்தைப் பார்த்து இறக்கிவிட்டால், ஆறியதும் குறைவாக நிற்கும். இருக்க வேண்டியதில் 20 சதவீதம் குறைந்தால் அந்த டயரைப் பஞ்சரான டயராகவே கருத வேண்டும் என்பது டயர் தொழிலில் ஏற்ற வழக்கம். 120 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டிய டயரில் 96. அதிலேயே லோடோடு ஓடிய ரேடியல் டயரின் பக்கச் சுவருக்குள் எஃகுக் கம்பிகள் மடங்கி மடங்கி இற்றுப்போயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதற்கு மறுபடி காற்று ஏற்றும்போது, ஜிப்பைத் திறந்தது போல் சுவர் கிழிந்து வெடிக்கும். கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயில், ஒதுங்கி நின்று ஏற்ற வேண்டும். லாக் ரிங் போட்ட ரிம்முக்கும் இதே கூண்டு வேண்டும். ரிங்கைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே காற்று ஏற்றும் கடையில் உங்கள் வண்டியை நிறுத்தாதீர்கள்.

ஜோடியில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று போட்டால் உயரமானதே சுமையைத் தூக்கும், குட்டையானது சறுக்கித் தேயும். இரண்டும் கெடும்.

அறிகுறி: ஸ்டேரிங் ஒரு பக்கம் இழுக்கிறது

பிரேக் போட்டால் மட்டும் இழுத்தால் பிரேக். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பிடிக்கவில்லை என்று தொடங்குங்கள். பிரேக் போடாமலே இழுத்தால் முதலில் முன் டயர் இரண்டிலும் காற்று. அது சரியென்றால் வண்டிக்குப் பின்னால் நேராக நின்று, டிரைவரை மெதுவாக நேரே ஓட்டச் சொல்லிப் பாருங்கள். முன் சக்கரத் தடமும் பின் சக்கரத் தடமும் ஒன்றாக இல்லாமல் வண்டி கோணலாகப் போனால் பின் அச்சு நகர்ந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்திருக்கும். பட்டைகளை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்து ஓடியதால்தான் அது உடையும், ஆகவே சென்டர் போல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பாதீர்கள்.

அறிகுறி: இழுவை இல்லை, சூடு ஏறுகிறது, யூரியா விளக்கு எரிகிறது

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. இழுவை மெல்ல மெல்லக் குறைந்தால் டீசல் ஃபில்டரும் தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும். சூடு ஏறினால் ரேடியேட்டரின் முன்பக்கத் தூசியும் பெல்ட்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வு இல்லை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) வண்டிகளில், புகையைச் சுத்தப்படுத்தத் தெளிக்கும் கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்ததையோ திறந்த கேனில் கிடந்ததையோ ஊற்றினால் தெளிப்பானில் வெள்ளையாக உப்பு பூத்து, என்ஜின் தானே பலத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இவை உயிர் போகும் பழுதா என்று கேட்பார்கள். நடுச்சாலையில் நின்றால் ஆம். இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் மோதிச் செத்தவர்கள் நம் நெடுஞ்சாலை முழுக்க இருக்கிறார்கள். பின் தடுப்புக் கம்பியும் ஒளிரும் பட்டையும் உடைந்திருந்தால், என்ஜினைத் தொடும் முன் அவற்றைச் சரிசெய்யுங்கள். மூன்று முக்கோணப் பலகை வண்டியிலேயே இருக்கட்டும். நடுவில் தடுப்புள்ள சாலையில் பின்னால் 3 மீட்டர், 30 மீட்டர், 60 மீட்டர் என்று வையுங்கள். மரக்கிளையும் கல்லும் வைத்துவிட்டு, வண்டி கிளம்பும்போது அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்து வரும் பைக்காரர் அதில் விழுகிறார். கிளம்பும் முன் கடைசி வேலை அந்தக் கல்லை எடுப்பது.

தர்மபுரி வண்டியின் பக்கம்

டிரைவர் சொன்னது: ஏர் எட்டு நிற்கிறது, மிதித்தால் பிடிக்கவில்லை. கிருஷ்ணகிரி தாண்டியதிலிருந்து மிதி நீளம் கூடிக்கொண்டே வந்தது.

கண்டது: பின் நான்கும் 24 எண் சேம்பர், வரம்பு 44. நடு அச்சு இடது 52, வலது 49, கடைசி அச்சு இடது 50, வலது 38. மூன்று இடத்திலும் கிளெவிஸ் பின் ஓட்டை நீண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் வழியில் ஒரு கடையில் தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் டைட் வைத்திருக்கிறார்கள், நோட்டில் எழுதவில்லை.

செய்தது: மூன்று அட்ஜஸ்டர், நான்கு பின், நடு அச்சின் இரண்டு கேம் புஷ் புதிது. மாற்றிய பின் அளவு 36, 37, 35, 37. டிரைவருக்கு அன்றைய பேட்டா முழுதாகக் கொடுத்தாயிற்று.

மற்றவர்கள் பதில்: ஒன்பது வண்டியில் அதே பின்னைப் பார்த்தார்கள். நான்கில் தேய்ந்திருந்தது. மூன்றில் மாற்றியாயிற்று, நான்காவது வண்டி விஜயவாடாவில் இருக்கிறது, வந்ததும்.